இல்லாத ஆற்றை எதிர்த்து நீந்தியவர்கள்

நீச்சல்குளத்துத் தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு; ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்த துணியையும் புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் வாளியையும் ஒன்றாக முகர்ந்தால் எப்படி இருக்குமோ, அப்படி. அது மூக்கு வழியாக ஏறி, கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, சாயங்காலம் வரை இறங்காது. பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருஷம் பாளையங்கோட்டை நீச்சல்குளத்தில் நான் குடித்த தண்ணீரைப் பார்த்துவிட்டு, குளத்தின் மட்டம் குறைந்திருக்கிறதா என்று காவலாளி எட்டிப் பார்த்ததாக என் சிநேகிதர்கள் இன்றுவரை சொல்லித் திரிகிறார்கள். நான் மறுப்பதில்லை.

இதை இப்போது சொல்லக் காரணம், என் அக்கா மகள் பள்ளி வாட்டர் போலோ அணியில் சேர்ந்திருக்கிறாள். "மாமா, நீங்க ஸ்டேட் மேட்ச் வரைக்கும் போனவங்களாமே, எனக்கு நாலு டிப்ஸ் குடுங்க" என்று கேட்டாள். மாநிலப் போட்டி வரை போனது உண்மைதான். போன இடத்தில் என்ன செய்தேன் என்பதை அவள் அம்மா இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கால்பந்தும் கபடியும் கல்யாணம் செய்துகொண்டு தண்ணீருக்குள் குடித்தனம் போனால் அதுதான் வாட்டர் போலோ. பக்கத்துக்கு ஏழு பேர். கால் தரையில் படக்கூடாது. கோல் காப்பவனைத் தவிர மற்றவர்கள் பந்தை ஒரு கையால்தான் தொடவேண்டும். மேலே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தலைகளும் கைகளும் மட்டும் தெரியும். கீழே நடப்பதைச் சொன்னால் வீட்டில் அனுப்பமாட்டார்கள்.

திருநெல்வேலி டவுணில் இருந்த எங்கள் பள்ளியில் குளம் கிடையாது. குடிதண்ணீர்த் தொட்டியே வாரத்துக்கு நாலு நாள்தான் நிரம்பும். ஆனாலும் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு சுற்றறிக்கை வந்ததும், எங்கள் பி.டி. சார் வகுப்பு வகுப்பாக ஏறி நீச்சல் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றார். ஆற்றுப் பக்கத்து ஊரில் அப்படிக் கேட்டால் என்ன ஆகும்? மொத்தப் பள்ளியும் கை தூக்கியது. சார் கபடிக்காரர். நீந்தத் தெரியாது. தண்ணீரைக் கண்டால் பேண்ட்டை ஒரு மடிப்பு மேலே ஏற்றிவிட்டு, மூன்றாவது படியிலேயே நின்றுகொண்டு, கையிலிருந்த விதிப் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பார். புத்தகத்தில் இல்லாத இடங்களில் கபடியைச் சேர்த்துக்கொள்வார். "தொட்டுட்டுப் பைய திரும்பி வந்துராதலே, உள்ள பூந்து வா" என்பதுதான் அவர் எங்களுக்குக் கற்றுத் தந்த தாக்குதல் முறை முழுவதும்.

பயிற்சி குறுக்குத்துறையில். கல் மண்டபத்தை ஒட்டி ஆற்றில் ஒரு 'கசம்' இருந்தது. ஆழமான இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். கரையோரம் மண்டபத்தின் இரண்டு தூண்கள் ஒரு கோல். எதிரே, கல்லைக் கட்டி இறக்கிய இரண்டு மண்ணெண்ணெய் கேன்கள் இன்னொரு கோல். தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று. நடுவில் ஆறு மேற்கிலிருந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தது. பந்து என்று நாங்கள் வைத்திருந்தது தையல் விட்டுப்போன ஒரு பழைய கால்பந்து. அரைமணி நேரத்தில் தண்ணீர் குடித்து, மூன்று மாதக் குழந்தை அளவுக்குக் கனத்துவிடும். நல்லதுதான். அதை யாராலும் ஒரே கையால் இறுக்கிப் பிடிக்க முடியாததால், அடியில் உள்ளங்கையைக் கொடுத்து ஏந்திப் போடப் பழகினோம். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் பந்தைப் பூனை மாதிரிப் பிறாண்டுவார்கள்; அது வழுக்கிக்கொண்டு எதிராளி கைக்குப் போய்விடும். ஏந்துங்கள், அது நிற்கும்.

கோல் காக்க என்னைப் போட்டார்கள். திறமை பார்த்து அல்ல. என் உடம்பு அசைக்காமலேயே மிதக்கும் வகை. அதற்குப் பின்னால் பல வருஷத்துச் சாப்பாட்டு உழைப்பு இருந்தது. ஆனால் மிதப்பது வேறு, நிற்பது வேறு. தண்ணீரில் நிற்க, ஒரு கால் இந்தப் பக்கமும் மறு கால் அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றிச் சுற்றவேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டுரலில் மாவு ஆட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதை 'மாவாட்டு' என்றே சொன்னோம். கைகளை மேலே தூக்கிக்கொண்டு, வெறும் காலால் மார்பு வரை வெளியே தெரிய நிற்கப் பழகாதவன் வாட்டர் போலோவில் நல்ல பார்வையாளன், அவ்வளவுதான். முதலில் ஒரு நிமிஷம் நில்லுங்கள், பிறகு இரண்டு. பிறகு இரண்டு கையிலும் ஒரு செங்கல்லைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். நான் செங்கல்லோடு மூன்று முறை அடிக்குப் போய்வந்தேன். மூன்றாவது முறை செங்கல் மட்டும் வரவில்லை.

எங்கள் அணியில் உருப்படியான ஒரே ஆள் ஜெரோம். மணப்பாட்டுப் பக்கம் கடற்கரை ஊர்க்காரன், டவுணில் விடுதியில் தங்கிப் படித்தான். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் உண்டு. ஜெரோமின் பாடு என்னவென்றால், தண்ணீருக்குள் இருந்தால் மீன், தண்ணீருக்கு மேலே இருந்தால் வாந்தி. வள்ளம் கரையை விட்டு நூறடி போவதற்குள் குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும். இதைப் பரம்பரை மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன் யாரிடம் போய்ச் சொல்வது? மதிப்பெண்ணும் சுமார். கல்லூரியில் இடம் கிடைத்தால் படி, இல்லாவிட்டால் பரீட்சை முடிந்த மறுவாரம் தொழிலுக்கு வந்துவிடு என்று அப்பா சொல்லியிருந்தார். அவனுக்கு இருந்த ஒரே வழி விளையாட்டு ஒதுக்கீடு. மாவட்ட அணியில் இடம் பிடித்து மாநிலப் போட்டிக்குப் போய்வந்தால் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டிக் கல்லூரிக்குள் நுழைந்துவிடலாம். "மார்க்கு பாத்து ஒருத்தனும் சீட்டு தரமாட்டான் மக்கா, இந்தப் பந்துதான் என்னைய கரையில வைக்கணும்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னான்.

அவன் முதன்முதலாக ஆற்றில் இறங்கியபோது தலையைத் தூக்கிக்கொண்டே நீந்தினான். அலை வருகிறதா என்று பார்க்கிற கடற்கரைப் பழக்கம். வாட்டர் போலோவில் அப்படித்தான் நீந்தவேண்டும். தலையை உள்ளே விட்டால் பந்து எங்கே, ஆள் எங்கே என்று எதுவும் தெரியாது. ஆனால் அவனுக்கு ஆறு பிடிபடவில்லை. நின்றால் கிழக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். அவனுக்கு ஆறு சொல்லித் தந்தது நான்தான். மேற்கே பார்த்து உடம்பைச் சாய்த்துக்கொள், எப்போதும் ஒரு மிதி மேற்கே மிதித்துக்கொண்டே இரு, பந்தைக் கூட்டாளிக்கு நேராகப் போடாதே, அவனுக்கு ஒரு முழம் மேற்கே போடு, தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும் என்றெல்லாம் மூச்சுக்கு மூச்சு சொன்னேன். அவன் மறந்தால் தூணுக்கு நடுவே இருந்து கத்துவேன். "மேக்க மிதிலே, மேக்க மிதி." ஆறு மாதத்தில் தூக்கத்தில்கூட மேற்கே மிதிக்கிறவனாக அவனை ஆக்கிவிட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தேர்வுப் போட்டி பாளையங்கோட்டையில். எதிரணி அங்கேயே பயிற்சி எடுக்கும் பள்ளி ஒன்று. நாங்கள் அந்தக் குளத்தில் இறங்கியதே அன்றைக்குத்தான். நடுவர் வந்து எல்லாருடைய நகத்தையும் பார்த்தார். நகம் இருந்தால் கீறும் என்று விதி. நான் அந்த இடத்திலேயே பல்லால் கடித்துப் பத்து விரலையும் சரிசெய்தேன். போதாக்குறைக்குக் காலையில் எட்டு இட்லி சாப்பிட்டிருந்தேன். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு சாப்பிட்டு முடித்துவிடுங்கள், அதுவும் எட்டு வேண்டாம்.

பாதி ஆட்டம் முடிந்தபோது ஐந்துக்குப் பூஜ்யம். பூஜ்யம் நாங்கள். ஒரு பந்துகூட எங்கள் ஆள் கைக்குப் போய்ச் சேரவில்லை. எல்லாம் ஒரு முழம் தள்ளி விழுந்தது. ஜெரோம் கோலுக்கு நேரே போய் நிற்பான், பந்து வருவதற்குள் சுவரோரம் இருப்பான். எனக்கு எதிராக விழுந்த ஐந்தில் நான்கு கோல்கள் ஒரே மூலையில், வாசல் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஊருக்குப் போனவன் வீட்டில் திருடன் புகுந்த மாதிரி நிதானமாக உள்ளே போயின. மேடையில் தேர்வாளர்கள் மூன்று பேர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கம் அவர்கள் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள். ஜெரோம் அவர்களைப் பார்த்தான், பிறகு தண்ணீரைப் பார்த்தான். அவன் முகத்தில் வள்ளம் ஏறிய களை வந்துவிட்டது. பி.டி. சார் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதில் இதற்கு மருந்து இல்லை.

அப்போதுதான் என் அக்கா கம்பி ஓரமாக வந்தாள். கல்லூரி லீவில் வந்திருந்தவளை, எனக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்துவிட்டு வரச் சொல்லி அம்மா அனுப்பியிருந்தாள். விளையாட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏலே, நீங்க ஏழு பேரும் எதுக்குலே மேக்கயே ஒதுங்குதிய? அங்கன என்ன பந்தியா போட்டிருக்கு?"

சிரித்தபடி பதில் சொல்ல வாயெடுத்தவன் திரும்பிக் குளத்தைப் பார்த்தேன். அந்தக் குளமும் தெற்கு வடக்காகத்தான் வெட்டப்பட்டிருந்தது. நாங்கள் ஏழு பேரும் குறுக்குத்துறையில் பழகிய மாதிரியே, அசையாமல் கிடந்த அந்த நீலத் தண்ணீரில், இல்லாத ஓர் ஆற்றை எதிர்த்து மேற்கே மிதித்துக்கொண்டிருந்தோம். மிதித்து மிதித்து மேற்குச் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டோம். நானும் மேற்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, கிழக்கு மூலையை ஊருக்கு எழுதிவைத்திருந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பழக்கம் சொன்னவுடன் போகிற சாமானா? ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவது தொடங்கி இரண்டு நிமிஷத்தில் எல்லாரும் மறுபடி மேற்கே நகர ஆரம்பித்தோம். ஜெரோம் தன்னையே கவனித்துக் கவனித்து, மிதிக்கலாமா கூடாதா என்று கால் தடுமாறிப் பாதி முழுகிக்கொண்டிருந்தான். ஆறு மாதம் கத்திக் கத்தி நான் ஏற்றியது, நான்தான் இறக்கவேண்டும். கைக்கு அருகில் பந்து வருகிறதா என்பதைக்கூட விட்டுவிட்டுக் கத்தினேன்.

"ஜெரோமு, ஆத்தை மறந்துருலே. இது ஒங்க ஊரு கடலு."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் சாய்ந்திருந்த தோள் நிமிர்ந்தது. தலை மேலே வந்தது. கடலில் தண்ணீர் ஒரு பக்கமாகப் போகாது. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஆள் நடுவில் நிற்கவேண்டும், அது அவனுக்குப் பிறந்தது முதல் தெரியும். அடுத்த பந்தை மார்புக்கு நேராக வாங்கினான், முதுகில் ஒருவன் தொங்க, இடுப்பு வரை எழும்பி அடித்தான். வலை ஆடியது. அதன்பிறகு நான் வாயை மூடவே இல்லை. யார் எங்கே நிற்கிறான், எவன் மேற்கே போகிறான், எவன் பின்னால் ஆள் வருகிறான் என்று ஏழு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டே இருந்தேன். வகுப்பில் முட்டிபோட வைத்த வாய் அன்றைக்கு முதன்முதலாக வேலைக்குப் போனது.

தோற்றோம். ஆறுக்கு நான்கு. நான்கில் மூன்று ஜெரோம் போட்டது. மாவட்ட அணிக்கான பெயர்களைத் தேர்வாளர் வாசித்தபோது அவன் பெயர் ஐந்தாவதாக வந்தது. வந்ததும் அவன் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் துடைத்தான். கடைசிப் பெயர் என்னுடையது. மாற்று கோல்காப்பாளன். கையைப் பார்த்து எடுக்கவில்லை, வாயைப் பார்த்து எடுத்தோம் என்று தேர்வாளர் பி.டி. சாரிடம் சொன்னாராம். மாநிலப் போட்டியில் மூன்று நாளும் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு சொட்டுக்கூட நனையாமல், சான்றிதழோடு திரும்பினேன். ஜெரோம் நனைந்து நனைந்து வாங்கிவந்தான். அந்தத் தாளைக் காட்டிக் கல்லூரிக்குள் போனவன், இன்று உடன்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார்.

போன மாதம் குறுக்குத்துறைப் பக்கம் போனேன். எங்கள் கசம் மணல் ஏறித் தூர்ந்துவிட்டது; தூண்களுக்கு நடுவே அமலை என்கிற ஆகாயத்தாமரைச் செடி பச்சைக் கம்பளமாகப் படர்ந்து கிடக்கிறது. இப்போது பிள்ளைகள் ஆறு வயதிலேயே குளத்தில் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களிடம் மேற்கு எது என்று கேட்டால் செல்போனைப் பார்க்கிறார்கள். ஆனால் பந்தை நேராகப் போடுகிறார்கள். எங்கள் காலத்தில் பெண்கள் அணி என்று ஒன்று கிடையாது. கம்பிக்கு வெளியே நின்று கேள்வி கேட்டவளின் மகள் இன்றைக்கு உள்ளே இறங்குகிறாள். தூர்ந்த கசத்துக்காக நான் அழப்போவதில்லை.

அவளுக்கு என்ன சொல்லலாம் என்று ஜெரோமுக்குப் போன் போட்டேன். கால் பயிற்சி, செங்கல், இட்லி எல்லாம் நான் சொல்லியாகிவிட்டது, நீ ஒன்று சொல் என்றேன். "கூட ஆடுதவ சத்தத்த காதுல வாங்கிக்கிட்டே ஆடச் சொல்லு, அது போதும்" என்றான்.

அப்படியே அவளிடம் சொன்னேன். பையிலிருந்து புதுத் தொப்பியை எடுத்து, இரண்டு பக்கமும் காதை மூடுகிற பிளாஸ்டிக் கிண்ணத்தை எனக்குக் காட்டி, "இத மாட்டிக்கிட்டா எப்படி மாமா கேக்கும்?" என்றாள்.

"நல்லா பாரு. அதுக்குத்தான் ஓட்டை போட்டிருக்கான்" என்றேன்.