மண்டபத்தில் நான் சொன்னது

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மிஸ்ஸின் அழைப்பு வந்தது. நான் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிற இடத்துக்குக் கைபேசி கொண்டுபோக விடமாட்டார்கள். சாப்பிட வெளியே வரும்போதுதான் எடுத்துப் பார்க்கலாம். மிஸ் என்று நாங்கள் சொல்வது நன்னடத்தை உத்தியோகத்தரை. வீட்டில் இருக்க வழியில்லாத பிள்ளைகளை நீதிமன்ற உத்தரவோடு இல்லங்களில் சேர்ப்பதும், பிறகு அவர்களை வந்து பார்ப்பதும் அவருடைய வேலை. என்னுடைய பதினொரு வயதில் என் கையைப் பிடித்து இல்லத்துக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான்.

"பிள்ளை, வவுனியாவில ஒரு கூட்டம் வைக்கினம். கொழும்பிலயிருந்து ஆக்கள் வருகினம். நாடு முழுக்கப் பிள்ளையளைப் பராமரிக்கிற முறையை மாத்தப் போகினமாம். இல்லத்தில வளந்த ஒராள் வந்து கதைச்சா நல்லமெண்டு கேக்கினம்."

"நான் என்ன மிஸ் கதைக்கிறது?"

"உனக்கு நடந்ததைச் சொல்லு. பத்து நிமிஷம் தருவினம்."

எனக்குப் பெருமையாக இருந்தது. காற்சட்டைக்குப் பை தைக்கிற ஒருத்தியிடம் நாட்டில் எதை மாற்றலாம் என்று யார் கேட்கிறார்கள்? லீவு எடுத்தேன். உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டில் அம்மா என் சட்டையை இரண்டு தரம் அயன் பண்ணினார். "பயப்பிடாமக் கதை" என்றார். என்ன கதைக்கப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மண்டபத்தில் குளிர் அதிகம். தமிழ் தெரியாதவர்களுக்காக ஒருவர் ஒலிவாங்கியில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் இல்லங்களை நடத்துகிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் அன்ரியும் இருந்தார். எங்கள் இல்லத்தின் பொறுப்பாளர் அவர். எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் அன்ரிதான். அவர் வருவார் என்று மிஸ் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. என்னைக் கண்டதும் கையைக் கொஞ்சம் உயர்த்தினார்.

நான் பனங்காய்ப் பணியாரத்தின் கதையைச் சொன்னேன்.

இல்லத்தில் பெற்றோர் வந்து பார்ப்பதற்கு மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும்தான். ஒருமுறை அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் களை பிடுங்குகிற வேலை வந்துவிட்டது. அதனால் வார நாளொன்றில் பஸ் ஏறி வந்துவிட்டார். அன்ரி உள்ளே விடவில்லை. ஒராளுக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள் என்றார். மேல்மாடியில் படித்துக்கொண்டிருந்த நான் யன்னலால் பார்த்தேன். படலைக்கு வெளியே வேப்பமரத்தின் கீழே அம்மா இருந்தார். கீழே போகக் கேட்டேன், விடவில்லை. பஸ் வரும்வரை அம்மா அங்கேயே இருந்துவிட்டுப் போனார். பின்னேரம் தேத்தண்ணியோடு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பனங்காய்ப் பணியாரம் கிடைத்தது. எனக்கும் ஒன்று. என் அம்மா சுட்டுக்கொண்டு வந்து படலையில் கொடுத்துவிட்டுப் போனது அது.

கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மையார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பிறகு மொழிபெயர்ப்பாளர் மூலம் ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மாவோடயே இருந்திருந்தால் உங்களுக்கு நல்லமாக இருந்திருக்குமோ?"

"ஓம்" என்றேன்.

கைதட்டினார்கள்.

நான் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. ஆனால் முதல்நாள் இரவு படுத்திருந்து யோசித்தபோது என்னிடம் வேறு கதைகளும் இருந்தன. போர் முடிந்து நாங்கள் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த காலத்தில் எங்கள் கொட்டிலுக்குக் கதவு இல்லை. அப்பாவும் இல்லை. குடித்துவிட்டு வந்து வாசலில் நின்று கூப்பிடுகிற ஒருவனுக்காக அம்மா தலைமாட்டில் கத்தி வைத்துக்கொண்டு படுத்தார். மிஸ்ஸைத் தேடிப் போய், "என்ர பிள்ளையை எங்கயாவது பாதுகாப்பா வையுங்கோ" என்று கேட்டது அம்மாதான். எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரியில் கதிரையில் இருந்தபடியே நித்திரை கொண்டவர் அன்ரி. நான் உயர்தரம் படிக்க வேண்டும் என்று பள்ளிக்கூட அதிபரோடு சண்டை பிடித்தவரும் அவர்தான். இவை எல்லாவற்றுக்கும் பத்து நிமிடம் காணாது. எதைச் சொன்னால் அந்த மண்டபம் அழும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது அன்ரி எனக்குப் பின்னால் வந்து நின்றார். எனக்குத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"மெலிஞ்சு போனாய் பிள்ளை. வடிவாச் சாப்பிடு" என்றார். வரிசை நகர்ந்ததும் மெதுவாகச் சொன்னார்: "நீ சொன்னது சரிதான். அண்டைக்கு நான் அவவை உள்ள விட்டிருக்கலாம்."

அவர் என்னை ஏசியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சில மாதங்களுக்குப் பிறகு இல்லத்தை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தாயோ தகப்பனோ இருக்கிற பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், யாரும் இல்லாதவர்களை உறவினரிடமோ வேறு குடும்பங்களிடமோ சேர்க்க வேண்டும் என்பது புதிய முறை. மிஸ்ஸை அழைத்தேன்.

"என்னால தானோ மிஸ்?"

"உனக்கென்ன விசரே? இது எத்தினையோ வருஷமாக் கதைக்கிற விசயம். காசு குடுத்த ஆக்களும் நிப்பாட்டிப்போட்டினம்" என்றார். பிறகு, என்னைச் சந்தோசப்படுத்த நினைத்தாரோ என்னவோ, "ஆனா உன்ர பணியாரக் கதையை இப்பவும் எல்லாரும் கதைக்கினம்" என்றும் சொன்னார்.

பிள்ளைகள் வெளிக்கிடுகிற சனிக்கிழமை நான் இல்லத்துக்குப் போனேன். கட்டில்களில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். நான் அங்கே கடைசி வருடம் இருந்தபோது வந்து சேர்ந்த ஒரு சின்னப்பிள்ளைக்குத் தினமும் நான்தான் தலை இழுத்துப் பின்னிவிடுவேன். அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. தாய் இல்லை. தகப்பன் நாயாற்றில் மீன்பிடிக்கிறவர், மறுமணம் செய்தவர். வகுப்பில் எப்போதும் முதல் மூன்றுக்குள் வருகிற பிள்ளை. புத்தகப் பையையும் உடுப்புப் பையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தாள்.

"அக்கா, வவுனியாக் கூட்டத்தில நீங்கள்தானே கதைச்சனீங்கள்?"

"ஓம்."

"எங்களைப் பற்றியும் சொன்னீங்களோ?"

"இல்லையடி. என்னைப் பற்றித்தான் சொன்னனான்."

"அப்ப ஏன் நாங்கள் போறம்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாத கணக்கைக் கேட்பதைப்போலக் கேட்டாள். அதற்குள் தகப்பன் வந்துவிட்டார். புதுச் சேர்ட் போட்டிருந்தார். வாங்கிய கடையின் மடிப்பு அதில் அப்படியே இருந்தது. கூட்டிக்கொண்டு போகலாம்தானே என்று அன்ரியிடம் இரண்டு தரம் கேட்டார். மகள் தன்னோடு வருகிறாள் என்பதை அவரால் இன்னும் நம்ப முடியவில்லை என்று தெரிந்தது. அதைப் பார்த்து நான் கொஞ்சம் ஆறுதல்பட்டேன்.

அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. நான் அவளைப் பார்க்க முல்லைத்தீவுக்குப் போய் அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து நாயாற்றுக்குப் போனது மழைக்காலம் தொடங்க முன்பு. கடலோரக் களப்பின் கரையில் மீனவர்கள் தங்கும் வாடிகளைத் தாண்டி அவர்களுடைய வீடு. வேலை நாளில்தான் போயிருந்தேன். பள்ளிக்கூட நேரம். அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு முற்றத்தில் நின்றாள்.

"ஏன் பள்ளிக்கூடம் போகேல்ல?"

"பஸ் நிப்பாட்டாமப் போட்டுது அக்கா. கிழமையில ரெண்டு நாளாவது அப்பிடித்தான். நடக்கிறதெண்டாத் தூரம்."

சிறிய தாய் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் நினைத்துக்கொண்டு போன மாதிரியான பெண் இல்லை அவர். குழந்தையை வாங்கிக்கொண்டு, "அவவைப் படிக்கவேண்டாமெண்டு நாங்கள் சொல்லேல்ல தங்கச்சி. பஸ் போட்டுதெண்டா என்ன செய்யிறது? வீட்டில நிக்கேக்க எனக்கு ஒரு கை உதவி" என்றார். உள்ளே அவளுக்கென்று ஒரு மேசை இருந்தது. பெட்டிப் பலகையில் தகப்பனே செய்து, ஒரு காலுக்குக் கீழே ஓடு வைத்து மட்டம் பார்த்திருந்தார்.

தகப்பன் களப்பிலிருந்து றாலோடு வந்தார். என்னைச் சாப்பிடாமல் போக விடவில்லை. பக்கத்தில் இருந்து சாப்பிட்ட மகளின் தட்டில் பெரிய றால்களாகப் பார்த்துப் போட்டுக்கொண்டேயிருந்தார். அவள் "காணும் அப்பா, காணும்" என்று சிரித்தாள். இல்லத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவள் இங்கே வந்தது பிழை என்று எனக்குச் சொல்ல முடியாது. சரி என்றும் சொல்ல முடியாது. அவள் வரமுன் இந்த பஸ்ஸைப் பற்றி யாராவது கேட்டிருக்கலாம். அந்த மண்டபத்தில் நான் கேட்டிருக்கலாம். "ஓம்" என்று சொன்னதோடு என் வேலை முடிந்தது என்று வந்துவிட்டேன்.

அடுத்த முறை மிஸ் கூட்டத்துக்குக் கூப்பிட்டபோது, அதே கதையைச் சொன்னால் போதும் என்றார்.

"நான் வரேல்ல மிஸ். நாயாற்றுப் பிள்ளையிட்டக் கேளுங்கோ."

"சின்னப் பிள்ளையளைக் கூட்டத்தில ஏத்தேலாது எல்லோ."

"கூட்டம் வேண்டாம். வீட்டை போய்க் கேளுங்கோ. பஸ் வாற நேரத்துக்குப் போங்கோ."

இப்படி வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள் மாவட்டத்தில் எத்தனை பேர், அவர் ஒராள் எத்தனை இடத்துக்குப் போவது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் போனார். கொழும்பிலிருந்து வந்தவர்களில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் றோட்டில் நிற்கும்போதே பஸ் நிற்காமல் போனதாம். அவள் அவர்களிடம் என்ன சொன்னாள் என்று மிஸ்ஸிடம் கேட்டேன்.

"அப்பாவை விட்டிட்டு வரமாட்டனாம். பள்ளிக்கூடத்தையும் விடமாட்டனாம். அவ்வளவுதான் சொன்னவள்."

பஸ் இன்னும் சரிவரவில்லை. அவர்கள் வந்துபோன பிறகு அவளுக்கு ஒரு சைக்கிள் கிடைத்தது. எதிர்க்காற்று நாட்களில் முதல் பாடம் தவறிவிடுகிறது என்கிறாள். கடைசித் தவணையில் பதினோராம் இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பனின் கைபேசியில் என்னை அழைத்து, தம்பிக்குப் பல் முளைத்ததையும் விஞ்ஞான ரீச்சர் மாறிப் போனதையும் சொல்வாள். நான் கணக்குப் பாடத்தைப் பற்றிக் கேட்பேன். அவள் கதையை மாற்றுவாள்.

அன்ரி இப்போது வவுனியாவில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார். ஒருமுறை அப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். குசினியோடு சேர்ந்த ஒரு சின்ன அறை. என்னைக் கண்டதும் ஒவ்வொரு பிள்ளையையும் பற்றிக் கேட்டார். யார் யார் எங்கே, யார் படிக்கிறாள், யாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள். எனக்குப் பாதிப் பேரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

"அன்ரி, நான் அண்டைக்குக் கூட்டத்தில உங்களைப் பற்றி நல்லதும் சொல்லியிருக்கோணும்."

"அதை விடு" என்றார். "அவையள் நல்லதைக் கேக்க வரேல்லத்தானே." பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "விடிய நாலு மணிக்கு முழிப்பு வந்திடுது பிள்ளை. எழும்பி என்ன செய்யிறதெண்டுதான் தெரியேல்ல."

இருட்டுப்படும் வரை இருந்துவிட்டு, அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லி வெளிக்கிட்டேன். தொழிற்சாலையில் மேலதிக வேலை, அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டிருக்கிறது. இன்னும் போகவில்லை.