போஸ்டரின் அடியில் இருந்த போன் நம்பர்

திருத்தணி பஜாரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்றால் தில்ஷாத் கடைதான். இறந்தவரின் மங்கலான படத்தில் கண்ணைத் தெளிவாக்கி, கலைந்த முடியைச் சரிசெய்து, கல்யாணத்துக்குக் கிளம்பியவர் போல ஆக்கித் தருவாள்.

கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்த பொதட்டூர்பேட்டைக்காரர்களின் வேன் கவிழ்ந்து ஐந்து பேர் செத்தார்கள். அவர்களுக்கும் அவள்தான் போஸ்டர் அடித்தாள். மறுநாளே எவனோ அதைப் படம் பிடித்து, ‘ஸ்பெஷல் தரிசனம், நேரா மேலே’ என்று எழுதி நெட்டில் விட்டான். அதற்கு ஆயிரக்கணக்கில் சிரிப்பு எமோஜி. சிதைச் சூடு ஆறவில்லை, அதற்குள் என்ன இளிப்பு வேண்டிக்கிடக்கிறது, கேடுகெட்ட ஜென்மங்களுக்கு!

போஸ்டரின் அடியில் இருந்த கடை நம்பரை அவன் அழிக்கவில்லை. நாள் முழுக்கப் போன் அடித்தது. ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல், “அக்கா, எனக்கும் ஒண்ணு அடிச்சுக் குடுங்க” என்றான்.

“ஆங், அடிச்சிடலாம். போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்பு” என்றாள் தில்ஷாத். “கீழ ‘கண்ணீருடன்’னு போட்டு வூட்டு ஆளுங்க பேரு எழுதணும். உங்க அம்மா பேரு இன்னாப்பா?”

சிரிப்பு நின்றுபோனது. அவள் விடவில்லை.

“சொல்லுப்பா. அந்த அஞ்சு பேருக்கும் மொதல்ல அம்மா பேருதான் கேட்டு எழுதனேன்.”