பஸ் இருந்தும் நடந்தோம்

எரிபொருள் இல்லாமல் பஸ்கள் நின்றுபோன மாதங்களில்தான் நான் நடக்கப் பழகினேன். அதற்கு முன், கொட்டகலை கடைவீதியிலிருந்து நான் கணக்குப் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போக, மழையில் எவ்வளவு நேரமானாலும் பஸ்ஸுக்குக் காத்து நிற்பேனே தவிர நடக்க மாட்டேன். வேறு வழியில்லாமல் நடக்கத் தொடங்கிய பிறகு, ஒரு காலையில் மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். பள்ளிக்கூட வாசல் வந்ததும் இவ்வளவுதானா என்றிருந்தது. பஸ்கள் திரும்ப ஓடத் தொடங்கியபோது நான் ஏறவில்லை.

என்னோடு நடப்பவர் எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியை. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். சமதரையில் சைக்கிள் மிதித்த கால்கள், முதலில் ஏற்றத்தைக் கண்டு பயந்தன. இப்போது என்னை முந்திக்கொண்டு போகிறார். இருவருமே ஒருவரையொருவர் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவோம். விடுமுறை வந்தால் எங்கேயாவது கிளம்பிவிடுவோம்.

நெடுந்தூரம் நடப்பவர்களுக்குச் சில பழக்கங்கள் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. ஏற்றத்தில் நாங்கள் பேசுவதில்லை. பாதியில் நின்ற பேச்சை, இறக்கம் வந்ததும், நிறுத்திய சொல்லிலிருந்தே தொடர்வோம். கடைக்குள் உட்கார மாட்டோம். நாற்காலியில் சாய்ந்தால் முழங்கால் இறுகிவிடும். சாப்பாடு பாதையோர மதகின் கட்டுமேல்தான். அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வோம். மழை பெய்தால் கணுக்காலில் நுரை பொங்கும். என் வலது முழங்கால் தொடக்கத்தில் முறையிடும். கேட்பாரில்லை என்று தெரிந்ததும் அடங்கிவிடும். அதற்குப் பிறகு வருகிற சுகத்துக்காகத்தான் இத்தனையும். தலைக்குள் இருக்கிற சத்தமெல்லாம் ஓய்ந்து, பாதையும் காலும் மட்டும் இருக்கும்.

சிவனொளிபாதமலை சீசனில் ஒரு நாள் ஹட்டனிலிருந்து மலையடிவாரத்து நல்லதண்ணி வரை நடப்பது என்று முடிவு செய்தோம். விடியும்போது ஹட்டன் பஸ் நிலையத்தைத் தாண்டினோம். மஸ்கெலியா பஸ்ஸின் கண்டக்டர் எங்களைக் கண்டதும் ஓடி வந்தார். அவருடைய மகள் என்னிடம் கணக்குப் படிக்கிறாள்.

“டீச்சர், ஏறுங்க. முன்னுக்கு ரெண்டு சீட் இருக்கு.”

“நாங்க நடந்து போறோங்க.”

“எங்க, டிக்கோயாவுக்கா?”

“நல்லதண்ணிக்கு.”

அவர் என் கையிலிருந்த குடையைப் பார்த்தார், பிறகு விஞ்ஞான டீச்சரைப் பார்த்தார். “வேண்டுதலாங்க?”

இந்தக் கேள்வி எங்களுக்குப் புதிதில்லை. வேண்டுதல் என்றால் எல்லோருக்கும் விளங்கும். டாக்டர் சொன்னார் என்றாலும் விளங்கும். ஆசைக்கு நடக்கிறோம் என்றால் மட்டும் யாருக்கும் விளங்குவதில்லை. ஆனாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

“சும்மாதாங்க. நடக்கப் புடிச்சிருக்கு.”

பஸ் எங்களைக் கடந்தபோது, அவர் மிதிபலகையில் நின்று உள்ளே இருந்தவர்களுக்கு எங்களைக் காட்டிக்கொண்டு போனார். ஜன்னல்களில் தலைகள் திரும்பின. விஞ்ஞான டீச்சர் கை காட்டினார்.

டிக்கோயா தாண்டி நோர்வூட் வரை வெயில். அதற்கப்பால் மழை பிடித்துக்கொண்டது. இந்த மழைக்கு ஒதுங்கினால் அன்றைக்குப் போய்ச் சேர முடியாது என்று இருவருக்கும் தெரியும், ஒதுங்கவில்லை. யாத்திரை வேன்கள் எங்கள் மேல் சேற்றைத் தெளித்துக்கொண்டு போயின. ஒரு வளைவில் என் இடது சப்பாத்தின் அடி, முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டது. ஒவ்வோர் எட்டுக்கும் தவளை போலக் கத்தியது.

“பஸ் வந்தால் ஏறுவம், டீச்சர்,” என்றார் அவர். “இதோட எப்பிடி நடக்கிறது?”

“சப்பாத்துதான் பிஞ்சிருக்கு, டீச்சர். கால் நல்லாத்தான் இருக்கு.”

பாதையோரத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகை ஒன்று இருந்தது. மழையால் அன்றைக்கு மத்தியானத்தோடு வேலையை நிறுத்தியிருந்தார்கள். கொழுந்தைக் கொடுத்துவிட்டு ஒரு பெண் மட்டும் நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். என் காலைப் பார்த்ததும், இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைத் தளர்த்தி, அதன் கயிற்றை உருவினார்.

“காலத் தூக்குங்க.”

பாதத்தைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து முடிந்தார். தட்டிப் பார்த்துவிட்டு, “எங்க போறீங்க?” என்றார்.

சொன்னேன். நடக்கப் பிடிக்கும் என்பதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“நாங்களுந்தான் நாளெல்லாம் நடக்குறோம். அதே மலைய மேலயும் கீழயும். எங்கயும் போய்ச் சேர்றதில்ல.”

என் அம்மாவும் அப்படித்தான் நடந்தார். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு மலையேறினால், ஒவ்வோர் எட்டும் கொழுந்தாகித் தராசில் போய் நிற்க வேண்டும். சும்மா ஒரு பாதையில் ஒரு மைல் நடந்து அவரை நான் பார்த்ததில்லை. இதை நினைத்தபோது எனக்குக் கூச்சம் வரவில்லை. யாரும் நிறுக்க முடியாத நடை ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. அதை விடப்போவதில்லை என்றுதான் தோன்றியது.

“அப்ப எங்களோட கொஞ்ச தூரம் வாங்க, அக்கா,” என்றேன்.

“எங்க லயம் அந்தத் திருப்பத்துலதான். அதுவரைக்கும் வாறேன்.”

கூடையைக் கொட்டகையில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். முதலில் முன்னால் குனிந்தபடியே நடந்தார். பிறகு கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். “முதுகுல ஒன்னும் இல்லாம நடக்குறது ஒரு மாதிரியாத்தான் இருக்கு,” என்றார். லயத்துக்குத் திரும்புகிற இடம் வந்தது. அங்கே நின்று கீழே வரிசையாய்த் தெரிந்த வீட்டுக் கூரைகளைப் பார்த்தார்.

“சோறு ஆக்கித்தான் வச்சிருக்கு,” என்று தனக்கே சொல்லிக்கொண்டு எங்களோடு நடந்தார்.

மழை விட்டது. விஞ்ஞான டீச்சர் அவரிடம், “உங்களுக்குக் கால் நோகேல்லையே?” என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு அந்த யாழ்ப்பாணப் பேச்சு புதிதாக இருந்தது போலும். “இன்னொருக்கா சொல்லுங்க,” என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு அதையே திருப்பிச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். ஏற்றம் வந்ததும் நாங்கள் வழக்கம்போல மௌனமானோம். அவர் நிறுத்தவில்லை, மூச்சு இரைக்காமல் மகனுடைய கொழும்பு வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஏறினார். நாங்கள் பதில் சொல்ல முடியாமல் தலையை மட்டும் ஆட்டினோம்.

மஸ்கெலியாவுக்கு முன் ஒரு வளைவில், தேயிலைக்கு நடுவே நீர்த்தேக்கம் திடீரென்று திறந்துகொண்டது. அவர் பாதையோரக் கல்லில் ஏறி நின்று பார்த்தார்.

“பஸ்ஸுல போறப்ப நெரிசல்ல நின்னுக்கிட்டே போவோம். தண்ணி இந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது.”

பிறகு இறங்கி, “நான் போறேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினார். நான் கயிற்றுக்கு என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் வளைவைத் தாண்டிவிட்டார். கைகளை வீசிக்கொண்டு போனார்.

நல்லதண்ணியை அடைந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சீசன் கடைகளில் கம்பளித் தொப்பிகள் தொங்கின. யாத்திரைக்காரர்கள் மலையேறத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். முதல் கடையில் தேத்தண்ணி கேட்டோம். கடைக்காரர் இரண்டு தொப்பிகளை எடுத்து முன்னால் வைத்தார்.

“மேல குளிருங்க. போட்டுக்கிட்டுப் போங்க.”

“நாங்க மேல போகலைங்க. ஹட்டன்ல இருந்து நடந்து வந்தோம். இப்ப பஸ்ஸுல திரும்பிப் போறோம்.”

“அம்புட்டுத் தூரம் நடந்து வந்துட்டு மலை ஏறலையா?” அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. “நாலு எட்டு வச்சா போச்சே.”

“எங்களுக்கு இவ்வளவு காணும்,” என்றார் விஞ்ஞான டீச்சர்.

நானும் இது போதும் என்றுதான் நினைத்தேன். மலை எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. நாங்கள் பாதைக்காக வந்தோம், அதை முழுதாக நடந்து முடித்தோம். உட்காரக் கூடாது என்ற எங்கள் சட்டத்தை அன்றைக்கு மட்டும் மீறி, கடையின் மர வாங்கில் காலை நீட்டி உட்கார்ந்தோம். தேத்தண்ணி அவ்வளவு இனிப்பு. இரண்டாவது கோப்பையும் குடித்தோம்.

ஹட்டன் பஸ்ஸில், பகலில் மலை ஏறி இறங்கியவர்கள் நிறைந்திருந்தார்கள். எங்கள் நடையைப் பார்த்ததும் ஒரு சிங்கள அம்மா நகர்ந்து இடம் கொடுத்து, உச்சிக்குப் போக எவ்வளவு நேரமானது என்று கேட்டார். நாங்கள் உச்சிக்கே போகவில்லை, ஹட்டனிலிருந்து நடந்து வந்தோம் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் அதை முன் சீட்டுக்குச் சொன்னார். முன் சீட்டு அதற்கும் முன்னால் சொன்னது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த அம்மா பையிலிருந்து தைலப் போத்தலை எடுத்து, தன் முழங்காலில் தடவியபின் என்னிடம் நீட்டினார். நான் தடவி விஞ்ஞான டீச்சரிடம் கொடுத்தேன். அவர் சாரியைக் கொஞ்சம் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, கெண்டைக்காலில் அழுத்தித் தேய்த்தார். பின் சீட்டிலிருந்து ஒரு கை போத்தலுக்காக நீண்டது.