தோப்பூர் வழியில் ஒரு மலை

காலை ஏழு நாற்பதுக்கு ஜீப் நின்றது. முதலில் கண்ணில் பட்டது பாறையின் உச்சியில் நின்ற ஓர் ஆடு.

அறுபதுகளின் நடுப்பகுதி. காணி அதிகாரி விசாரணைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு, பத்திரிகைக்குச் செய்தி ஏதும் கிடைக்குமா என்று நானும் ஏறிக்கொண்டேன். தோப்பூருக்கு அப்பால், அந்தப் பாறையின் அடியில் ஒருவர் காடு வெட்டி மூன்று போகம் சோளம் போட்டிருந்தார். இப்போது பெர்மிட் கேட்டார். மேட்டு நிலம் என்றால் கொடுக்கலாம். மலையடி என்றால் அரசாங்க ஒதுக்கம். வேலியைப் பிடுங்கிக்கொண்டு வெளியேற வேண்டும்.

எத்தனை அடி உயர்ந்தால் மலை என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"அரசாங்கம் அனுப்பின சுற்றுநிருபத்தில அது இல்ல. ஊராக்கள் என்ன சொல்றாங்களோ அதுதான்."

சோளக்காரர் ஆயத்தமாக இருந்தார். "அந்தா ஆடு நிக்குது. அது குழை திங்கிற சத்தம் இஞ்ச கேக்குது. இதுக்குப் பேர் மலையா, சேர்?"

அதிகாரி காதுகொடுத்துக் கேட்டார். கேட்கத்தான் செய்தது. ஆனால் ஒரு சாட்சியும் வேண்டும் என்றார்.

அயலவர்களுக்கு அதே நிலத்தில் ஒரு கண் இருந்ததால், சோளக்காரர் மூதூரிலிருந்து மனைவியின் தம்பியைக் கூட்டி வந்திருந்தார். மீன்பிடிக்கிறவர். கடல்காரனுக்குக் காணியில் என்ன ஆசை இருக்கப்போகிறது என்பது அவருடைய எண்ணம்.

"இது என்ன?" என்றார் அதிகாரி.

மைத்துனர் பாறையை அண்ணாந்து பார்த்தார். எதற்கு வந்தோம் என்பதை அந்த இடத்தில் மறந்துவிட்டார்.

"இதுவா சேர்? கரை மறைஞ்ச பிறகும் இது தெரியும். இதையும் எங்கட பள்ளிவாசல் மினாராவையும் ஒரு நேர்ல புடிச்சுத்தான் வலை போடுறம். எங்கட வாப்பாவும் அப்பிடித்தான்."

"அப்ப, மலை?"

"கடல்ல நிண்டு பாத்தாலும் மறையாதது மலைதானே."

அதிகாரி எழுதினார். வரி முடியும்வரை சோளக்காரர் பொறுத்திருந்தார்.

"மச்சான், நாளைக்கு வலைய இதுக்கு மேல விரி."

"நான் பொய் சொல்லல்லயே, மச்சான்."

"ஓம். அதுக்குத்தானே உன்னைக் கூட்டி வந்தனான்."

மாரிக்கு முன் வேலியைப் பிடுங்கினார்கள். கட்டைகள் ஏற்றிய வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனவர் மைத்துனர்.