ரப்பர்காரர் நட்ட குச்சிகள்

என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வன்று என் கணவர்மீது வந்த கோபம் இருக்கிறதே, சொல்லி மாளாது. பள்ளிக்கூட வேலையும் பார்த்துக்கொண்டு எட்டு வருடம் நாய் படாத பாடு பட்டுச் செய்த ஆராய்ச்சி அது.

சங்கதி இதுதான். ஒரு பலகையில் பீங்கான் குச்சிகளைச் சம இடைவெளியில் வரிசை வரிசையாக நட்டால் அது ஒளிப்படிகம். குறிப்பிட்ட அலைநீளமுள்ள நுண்ணலை அதற்குள் நுழைய முடியாது. ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கடைசியில் முழு அலையையும் வந்த வழியே அனுப்பிவிடும். நடுவில் சில குச்சிகளைப் பிடுங்கிப் பாதை விட்டால் அலைக்கு அதுவே கதி. பாதை திரும்பினால் அதுவும் சமர்த்தாகத் திரும்பும். அதைக் காட்டத்தான் 'ட' எழுத்தைப் போலக் குழிகளைக் காலியாக விட்டிருந்தேன்.

தேர்வுக்கூடத்தில் கருவியை இயக்கினேன். பாதையின் மறுமுனையில் அலையை அளக்கும் மீட்டரின் முள் அசையவில்லை. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். மேலே மூடியிருந்த அலுமினியத் தகட்டைத் தூக்கினால், பாவி மனுஷன்! ஒரு குழி மிச்சமில்லாமல் குச்சி நிற்கிறது.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்குக் குலசேகரத்தில் ரப்பர் தோட்டம். கன்று பட்டுப்போன குழியில் அடுத்த மழைக்கே வேறு கன்று நடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"நீங்களா நட்டீங்க?"

"நீ சேல கெட்டிட்டு இருந்தப்ப பாத்தேன், கொஞ்சம் குழி சும்மா கெடந்து. டப்பால குச்சியும் இருந்து. மறந்துட்டியோண்ணு..."

கூடமே சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. விறுவிறுவென்று பாதையிலிருந்த குச்சிகளைப் பிடுங்கினேன், மூடினேன். முள் துள்ளி ஏறியது!

தேர்வாளர் மேசையைத் தட்டினார். "அடைச்சா வராது, தெறந்தா வரும். ரெண்டையும் காட்டிட்டீங்களேம்மா!"

அதற்காக அவர் விட்டுவிடவில்லை. அரைமணி நேரம் குடைந்தார். ஒன்றுவிடாமல் பதில் சொன்னேன். பட்டம் உறுதி என்று அறிவித்ததும் கணவர் மெல்ல மேசையருகே வந்தார். தகட்டைத் தூக்கி ஒரு குச்சியைப் பாதையில் நட்டு மூடினார், முள் சரிந்தது. எடுத்து மூடினார், ஏறியது. மறுபடி நட்டார், மறுபடி எடுத்தார்.

"ஏட்டி," என்றார், கண் கலங்கி. "ஒம் பெண்டாட்டி என்னத்தப் படிக்காண்ணு ஆளுக கேட்டா, என்னமோ கரண்டு சமாச்சாரம்ணு எட்டு வருஷமாச் சமாளிச்சேன். இனி நானே சொல்லுவேன் பாத்துக்க."

திரும்பும் வழியில் தக்கலையில் டீ குடிக்க நிறுத்தியபோதே கடைக்காரரிடம் ஆரம்பித்துவிட்டார். ஒரு தப்பு இல்லாமல் சொன்னார்.