சுவருக்குப் பின்னால் ஒரு படை

பாலகுரு இந்தியத் தரைப்படையில் பதினேழு ஆண்டுகள் பீரங்கி சுட்டார். அவர் சுட்டவற்றில் ஒரு குண்டுகூட எந்த எதிரியின் அருகிலும் விழவில்லை. குறி தவறியதால் அல்ல. எதிரி என்று ஒருவன் இருந்ததே இல்லை. எல்லாக் குண்டுகளும் வங்கக் கடலில் விழுந்தன. கடல் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

இப்போது அவர் துபாயில் ஒரு சரக்குக் கிடங்கு வளாகத்தின் காவல் மேற்பார்வையாளர். சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில், ஆறு பேர் தங்கும் ரூமில், கீழ்க்கட்டில் அவருடையது. மேற்பார்வையாளர் ஆனதில் என்ன வித்தியாசம் என்று மனைவி சங்கீதா போனில் கேட்டபோது, "மத்தவங்க நிப்பாங்க. அவங்க நிக்கிறாங்களான்னு பாத்துக்கிட்டு நான் நிப்பேன்" என்றார்.

கமுதிப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனபோது அவருக்கு மீசை முழுதாக முளைத்திருக்கவில்லை. சண்டைக்குப் போகிறான் பிள்ளை என்று வீட்டில் அழுதார்கள். அந்த அழுகை முழுவதும் வீணாயிற்று. அவரை அனுப்பிய இடம் கிழக்குக் கடலோரத்தில் பீரங்கிகளைச் சோதிக்கும் ஒரு பிரிவு.

அந்தப் பிரிவு பிறந்த கதையைப் புதிதாகச் சேரும் ஒவ்வொருவனுக்கும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஒரு கவர்னரின் பிறந்தநாளுக்கு, சீமையிலிருந்து வந்த புதுப் பீரங்கியை வெடித்தார்களாம். குண்டு அங்கேயே கிடந்தது. பீரங்கிதான் நாலாபக்கமும் போயிற்று. கவர்னருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே விசாரணை நிதானமாக நடந்தது. கடைசியில் ஒரு கேப்டன், "இந்தப் பீரங்கியை இதற்கு முன் யாரும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கவில்லை" என்று எழுதினானாம். கேட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு பிரிவை அமைத்தார்களாம். இதில் எவ்வளவு உண்மை என்று யாருக்கும் தெரியாது. எந்தப் பீரங்கியையும் நம்பாத அந்தப் பிரிவு, இந்தக் கதையை மட்டும் சோதிக்காமலே நம்பியது.

கேட்டுப் பார்க்கும் முறை எளிமையானது. சண்டையில் போடுகிற வெடிமருந்தைவிடக் கூடுதலாகப் போட்டுச் சுடுவார்கள். தாங்கினால் பீரங்கியின் பின்பக்கத்தில் ஒரு முத்திரை குத்திப் படைகளுக்கு அனுப்புவார்கள். தாங்காவிட்டால் உலைக்கு. கடல் உள்வாங்கியதும் சேற்றில் முழங்கால் புதைய நடந்துபோய், விழுந்த குண்டைத் தோண்டி எடுத்து, அது சொன்ன பேச்சைக் கேட்டதா என்று பார்ப்பார்கள். பெரிய பெரிய போர்களையெல்லாம் அந்தப் பிரிவு பார்த்திருக்கிறது, செய்தித்தாளில். அது ஒரு போரிலும் கலந்துகொள்ளவில்லை. அதன் முத்திரை இல்லாமல் எந்தப் பீரங்கியும் போருக்குப் போகவும் இல்லை.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. சுடும்போது யாரும் பீரங்கியின் பக்கத்தில் நிற்கக் கூடாது. எல்லோரும் தடித்த கான்கிரீட் சுவருக்குப் பின்னால் போய்விட வேண்டும். அங்கிருந்துதான் நீளக் கயிற்றை இழுத்துச் சுடுவார்கள். இழுப்பதற்கு முன் ஒவ்வொருவன் பேரையும் கூப்பிட வேண்டும். "இருக்கேன்" என்று குரல் வர வேண்டும். சுட்டபிறகு மறுபடியும் கூப்பிட வேண்டும். பெரியவர் ஒருவர் வந்து "எல்லாம் சரி" என்று சொல்லும்வரை சுவரைத் தாண்டக் கூடாது. மற்றப் படைகளில் ஒளிந்தால் தண்டனை. இங்கே ஒளியாவிட்டால் தண்டனை. பேர் கூப்பிடும் வேலை பாலகுருவினுடையது. கடல் இரைச்சலையும் மீறி எட்டும் குரல் அவருக்கு.

மணிகண்டன் தேனிப் பக்கத்துப் பையன். பெண் குழந்தை பிறந்து பேர் வைத்துவிட்டு லீவிலிருந்து திரும்பியிருந்தான். அன்றைக்குப் பார்வையாளர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் தொலைவில், இன்னும் தடித்த சுவருக்குப் பின்னால், கண்ணாடி வழியாகப் பார்க்கிறவர்கள். உள்ளே போகும்முன் அவர்களில் ஒருவர், வேறு படைக்காரர், "பொம்பளைங்க மாதிரி ஒளிஞ்சுக்கிட்டுத்தான் சுடுவீங்களா?" என்று சிரித்தார். பாலகுரு பேர் கூப்பிட்டார். மணிகண்டன் "இருக்கேன்" என்றான். கயிறு இழுபடும் நேரத்தில், கண்ணாடிக்குத் தெரியட்டும் என்று ஓரடி வெளியே வந்து நிமிர்ந்து நின்றான். பீரங்கி பிளந்தது.

பாலகுரு சட்டப்படி மறுபடியும் பேர் கூப்பிட்டார். ஒரு பேருக்கு மட்டும் குரல் வரவில்லை.

அந்த வரிசையில் வார்த்த பீரங்கிகள் எல்லாவற்றையும் உருக்கினார்கள். அவை படைகளுக்குப் போயிருந்தால், பக்கத்தில் சுவர் இல்லாமல் எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. நடக்காததற்கு யார் கணக்கு வைப்பார்கள்? மணிகண்டனின் சாவு விபத்து என்று முடிவாயிற்று. ஊரில் போரில் இறந்தவர்களுக்குக் கல் வைத்தபோது, விபத்துக்குக் கல்லில் இடமில்லை என்றார்கள்.

மணிகண்டனின் மனைவி சீதாலட்சுமி பாலகுருவிடம் ஒரே ஒரு தடவைதான் போனில் இதைப் பற்றிப் பேசினார். "எங்கயாச்சும் ஒரு எடத்துல அவரு பேரச் சொன்னாப் போதும்ணே. மக கேக்குறா, எங்கப்பா பேரு ஏன் எதுலயும் இல்லேன்னு."

சரி என்று சொல்லிவிட்டார் பாலகுரு. சொன்னபோது, எங்கே என்று அவருக்கே தெரியாது.

இடம் துபாயில் கிடைத்தது. முன்னாள் பீரங்கிப்படைத் தமிழர்கள் கொஞ்சம் பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். ரம்ஜான் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அந்திநேரத்தில் நோன்பு திறப்பதற்கு அடையாளமாகப் போலீஸ்காரர்கள் பீரங்கி வெடிக்கும் மைதானத்தில் கூடுவார்கள். அகமது கபீர் நோன்புக் கஞ்சி கொண்டுவருவார். அவரும் பழைய பீரங்கிக்காரர், கீழக்கரை, இப்போது துபாயின் குசைஸ் பகுதியில் டீக்கடை. பீரங்கிச் சத்தத்துக்கு முன், போரில் இறந்த தோழர்களின் பெயர்களை அவர்தான் படிப்பார். அதை வீடியோ எடுத்து ஊரிலுள்ள குடும்பங்களுக்கு அனுப்புவார்கள்.

குழுவின் தலைவர் விஜயபாஸ்கர். வேலூர்க்காரர். பட்டாளத்தில் ஹவில்தார் மேஜர். துபாய் வெயில் முன்பாதியை ஆவியாக்கிவிட்டதால் எல்லோரும் அவரை மேஜர் என்றே கூப்பிட்டார்கள், அவரும் தடுக்கவில்லை. இமயமலைச் சண்டையில் பீரங்கியோடு நின்றவர். வெயில், சம்பளத் தாமதம், கேம்ப்புச் சாம்பார் எல்லாவற்றையும் தாங்குவார். ஒன்றை மட்டும் தாங்கமாட்டார்: பேர் கூப்பிட்டு, பதில் இல்லாமல் இருப்பது. ஆள் வராவிட்டால், எங்கே என்று மூத்தவன் அந்தக் கணமே சொல்லியாக வேண்டும் என்பது பட்டாள வழக்கம். மைதானத்தில் பேர் கூப்பிடுவதும் அவர்தான், ஷிப்டு காரணமாக வராதவர்களுக்காக "டூட்டி!" என்று முழங்குவதும் அவர்தான். பாதிப்பேருக்கு அப்படித்தான் வருகைப்பதிவு நடக்கும்.

முதல் வருடம் பாலகுரு மைதானத்துக்கு வந்தபோது, போலீஸ்காரர்கள் பீரங்கியருகே போனதும், கார் நிறுத்துமிடத்துக் குட்டைச் சுவருக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார். பழைய படைவீரர்கள் கஞ்சி சிந்தச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் 'சுவர்ப்படை.' அன்றிலிருந்துதான் அவரும் மணிகண்டன் பேரைக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று ரம்ஜான் போயிற்று.

நாலாவது ரம்ஜானுக்கு ஒரு வாரம் முன்பு, கபீரின் டீக்கடையில் மேஜரைப் பிடித்தார்.

"மேஜர், இந்த வருசமாச்சும் மணிகண்டன் பேரச் சேருங்க."

"இன்னாய்யா இது! ரம்ஜான் வந்தா பிறை தெரியுதோ இல்லியோ, நீ தெரிஞ்சிடற. சண்டையில செத்தவங்க பேரு மட்டும்தான். அது ரூலு."

"ரூல யாரு போட்டது?"

"நான்தான். அதனாலதான் மாத்த முடியாது. வேற எவனாச்சும் போட்டிருந்தா யோசிக்கலாம்."

"அண்ணே, டீ ஆறுது," என்றார் கபீர். "சண்டை போடுறதா இருந்தா குடிச்சிட்டுப் போடுங்க."

மேஜர் ஒரு வாய் குடித்தார். "கோச்சுக்காத பாலகுரு. அது விபத்து. எங்க யூனிட்ல ஒருத்தன் தலையில பலாப்பழம் விழுந்து போய்ட்டான். அவனையும் படிக்கட்டுமா?"

"அவரு பலாப்பழத்தச் சோதிக்கப் போனாரா மேஜர்?"

கபீருக்குச் சிரிப்பு வந்து, கல்லாப்பெட்டிக்குக் கீழே எதையோ தேடினார். மேஜருக்கு முகம் சிவந்தது.

"சரிய்யா. ஒண்ணு பண்ணு. வருசா வருசம் சுவத்துக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிறியே, இந்தத் தபா வெடிக்கிறப்ப எங்களோட நேரா நில்லு. வெறும் சத்தம்யா அது. உள்ள குண்டே கெடையாது. நின்னீன்னா உன் ஆள் பேரைப் படிக்கச் சொல்றேன். இது என் வாக்கு."

மேஜரைப் பொறுத்தவரை அது பெருந்தன்மை. பாலகுரு டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்து போனார்.

கேம்ப்புக்கு வந்து சங்கீதாவிடம் சொன்னார்.

"நின்னுட்டு வாங்க. என்னா கொறஞ்சு போச்சு?"

"அவனும் அப்பிடித்தான் நின்னான்."

போனில் குக்கரை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. "அப்ப நிக்காதீக. ஆனா பேர விட்றாதீக."

"ரெண்டும் எப்பிடி நடக்கும்?"

"அது ஒங்க வேல. எனக்கு அரிசி ஊறப் போடணும்."

கூட்டம் நடக்கும் வெள்ளிக்கிழமையின் டூட்டியை ஒரு நேபாளிக் காவலாளியோடு மாற்றிக்கொண்டு பாலகுரு மைதானத்துக்குப் போனார். பீரங்கியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். குழந்தைகள் பாதிக் காதைப் பொத்தியும் பாதி பொத்தாமலும் நின்றன. விரிப்பில் பேரீச்சம்பழமும் கஞ்சிப் பாத்திரமும் தயார். மேஜர் பேர் கூப்பிட்டார், "டூட்டி! டூட்டி!" என்று தானே முழங்கினார். கபீர் இறந்தவர்களின் பெயர்களைப் படித்து முடித்தார். எல்லோரும் மௌனமாக நின்றார்கள். பிறகு மேஜர் தன் வலப்பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு, கையைக் காட்டினார்.

"வா. நில்லு. கபீரு ரெடியா இருக்கான்."

"மன்னிக்கணும் மேஜர். என் யூனிட் அங்கன நிக்குது" என்று பாலகுரு குட்டைச் சுவரைக் காட்டினார்.

"உன் யூனிட்ல நீ ஒருத்தன்தானேய்யா!"

"ரெண்டு பேரு."

போய்ச் சுவருக்குப் பின்னால் குந்திக்கொண்டார். யாரோ சிரித்தார்கள். மேஜர் சிரிக்கவில்லை; தன் பெருந்தன்மையை ஒருவன் வேண்டாம் என்றது அவருக்கு உறைத்தது.

பீரங்கி வெடித்தது. புறாக்கள் கிளம்பின, ஒரு குழந்தை அழுதது, பாங்கு ஒலித்தது. கபீர் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பாங்கு முடிந்து எல்லோரும் கஞ்சிக்குக் கை நீட்டிய நேரத்தில், சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பாலகுரு!"

"இருக்கேன்!" என்று அதே குரல் பதில் சொன்னது.

"மணிகண்டன்!"

பதில் இல்லை. செல்பி எடுத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு போலீஸ்காரரும் பார்த்தார்.

"மணிகண்டன்!"

பதில் இல்லை. மேஜர் கையில் கஞ்சிக் கிண்ணம். கழுத்தில் ஒரு நரம்பு எழும்பியது. பதிலில்லாத பேர் ஒன்று மைதானத்தின் நடுவில், எல்லோரும் பார்க்க, அப்படியே கிடந்தது.

"மணிகண்டன்!"

மேஜரின் குதிகால்கள் தாமாகச் சேர்ந்தன. முதுகு நிமிர்ந்தது. "டூட்டி!" என்றார்.

அதற்குப் பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது.

பாலகுரு இதைத் திட்டமிட்டுச் செய்தாரா, சட்டப்படி செய்தாரா என்பதில் குழுவில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. பாலகுரு எந்தக் கட்சியிலும் இல்லை.

"மேஜர்," என்றார் கபீர், அகப்பையைக் கீழே வைத்துவிட்டு. "டூட்டியில இருக்கான்னு நீங்கதான் சொன்னீங்க. நான் சொல்லல."

"வாய் சொல்லிடிச்சிய்யா."

"வாய் சொன்னாப் போதும்ணே. எங்க ஊர்ல கல்யாணமே அதுலதான் முடியுது."

மேஜர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். போலீஸ்காரர்கள் பீரங்கியின் பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அந்த இடத்தை வருடக்கணக்காகத் துடைத்தவர்தான். மலையில், பனியில், சோதனை முத்திரையின் பள்ளத்தில் எண்ணெய் தேங்காமல் விரலால் வழித்து எடுத்தவர். பக்கத்தில் சுவர் எதுவும் இருந்ததில்லை.

"எங்க பீரங்கி ஒண்ணுகூட பிளக்கலய்யா," என்றார், யாரிடமும் அல்லாமல். பிறகு சத்தமாக, "கபீரு, படி!"

"கஞ்சி ஆறிடும்ணே."

"ஆறட்டும். எழுந்து நில்லுங்கய்யா எல்லாரும். வீடியோவப் போடு."

விரிப்பில் உட்கார்ந்தவர்கள் முனகிக்கொண்டே எழுந்தார்கள். கபீர் தொண்டையைச் செருமினார். மணிகண்டனின் பேரையும் ஊரையும் பிரிவையும் சொன்னார். எப்படி இறந்தான் என்ற இடத்தில் மேஜரைப் பார்த்தார். "டூட்டியில," என்றார் மேஜர். கபீர் அப்படியே சொன்னார். மறுபடியும் மௌனம். கஞ்சி ஆறியது.

மௌனம் முடிந்தும் பாலகுரு வரவில்லை.

"யோவ் சுவர்ப்படை! படிச்சாச்சுய்யா. வெளிய வா!"

"பெரியவரு யாராச்சும் வந்து சொல்லணும் மேஜர்," என்றது சுவர்.

மேஜர் கெட்ட வார்த்தை ஒன்றை நோன்பு மாதத்தை முன்னிட்டு விழுங்கினார். முழங்கால் வலியோடு நடந்துபோய்ச் சுவரின் அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தார். பாலகுரு முதுகைச் சுவரில் சாய்த்து, பக்கத்தில் இன்னோர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்.

மேஜர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"எல்லாம் சரி."

பாலகுரு எழுந்து, கால்சட்டையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்.