அம்மனைப் பார்த்து யார் சிரிப்பது?

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கை கால் நடுங்கியது. எனக்கு!

நம்ப மாட்டீர்கள். நாலாம் கிளாஸோடு சிலேட்டைத் தூக்கிப் போட்டவன் நான். இன்று பெங்களூரில் என் மைக் செட் இல்லாமல் ஒரு கல்யாணம் உண்டா, ஒரு மீட்டிங் உண்டா? கல் பறந்து வந்த கூட்டத்தில் ஏணி மேல் நின்று ஸ்பீக்கரைக் கழற்றி வந்தவன். பயம் என்றால் என்ன விலை என்று கேட்பவன்... போன ஞாயிறு வரைக்கும்.

விஷயம் இதுதான். ரேடியோவுக்கு வாராவாரம் ஒரு சிரிப்பு நாடகம் தயாரிக்க யோசனை. டில்லியில் டெலிவிஷன் வந்துவிட்டதாமே, நம் ஊருக்கு வரும்வரை காதாலாவது சிரிப்போம்! ஒரு சோப்புக் கம்பெனி மேனேஜர், "சாம்பிள் ஒண்ணு ரிக்கார்ட் பண்ணுங்க. ஜனங்க சிரிக்கிற சத்தம் டேப்புல கேக்கணும். கேட்டா வாங்கிக்கறேன்" என்றார்.

கதாநாயகி லோகாம்பாள். மாரியம்மன் வேஷத்தில் பாடி நடித்து, டாக்கீஸ் வாசலில் ஜனங்களைக் கற்பூரம் ஏற்ற வைத்தவர். அதோடு சரி. அம்மனுக்கு யார் சித்தி வேஷம் கொடுப்பார்கள்? பல வருஷமாக வீட்டோடுதான் இருந்தார்.

"அண்ணே, ஒரே ஒரு வாட்டி என்னைப் பாத்து ஜனங்க சிரிச்சிட்டாப் போதும். மறுபடி பொழைச்சுக்குவேன்" என்றார் என்னிடம்.

ஒக்கலிபுரம் பேட்டை ஜனங்களை வேனில் ஏற்றி, அடுகோடிப் பக்கம் என் கடைக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் உட்கார வைத்தேன். சும்மாவே வெடித்துச் சிரிப்பவர்கள். எல்லாம் யோசித்த நான் மாதத்தை மறந்தேன் — ஆடி!

லோகாம்பாள் உள்ளே வந்தார். மொத்த ஷெட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றது.

நாடகத்தில் அவர் கஞ்ச வீட்டுக்காரி. குடித்தனக்காரன் தும்முகிறான். "தும்மாதேய்யா! என் சுவரு அதிருது. இன்னொரு தும்மல் போட்டே, வாடகைய ஏத்திடுவேன்!"

சத்தமே இல்லை. டேப் சுற்றுவதுதான் கேட்டது.

பின்னால் சின்ன வயசுக்காரி ஒருத்தி மட்டும் களுக்கென்றாள். புருஷன் அவள் வாயைப் பொத்தினான். "ஏய், சும்னிரு! ஆடி மாசம்டி. அவளப் பாத்துச் சிரிச்சா புள்ளைக்கு அம்மை போட்டுடும்!"

ஷெட்டே வெளுத்துப்போனது. எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. என் பேத்தி வேப்பிலைப் படுக்கையிலிருந்து எழுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை...

லோகாம்பாளுக்கும் அது கேட்டுவிட்டது. ஆனாலும் தண்ணீரில் முங்குகிறவர் மாதிரி மூச்சுப் பிடித்து, கடைசி வரி வரைக்கும் பேசினார்.

ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சோப்புக் கம்பெனி மேனேஜர் எழுந்தார். "என்ன சார், சாவு வீடு மாதிரி இருக்கு? இதை வெச்சு நான் சோப்பு விக்கறதா?" போய்விட்டார்.

லோகாம்பாள் அழவில்லை. முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, எல்லோர் எதிரிலும் முகத்துப் பவுடரைத் துடைத்தார். கன்னம் முழுக்க அம்மைத் தழும்பு!

"பாருங்கம்மா. என்னையும் அவ விடல. நான் அம்மன் இல்ல, உங்களாட்டம் அவளுக்குப் பயந்தவ. இப்பவாச்சும் சிரிங்களேன்."

முன்வரிசைக் கிழவி ஒருத்தி தவழ்ந்து வந்து அவர் காலைப் பிடித்தாள். "தாயே! முத்து முத்தா உன் அடையாளத்தோடயே வந்துட்டியே!"

லோகாம்பாள் என்னைப் பார்த்தார். "அண்ணே... நீங்களாச்சும்?"

வாயைத் திறந்தேன். பல் தந்தியடித்தது, சிரிப்பு வரவில்லை.

ஜனங்களுக்கு ஒருவரைப் பிடித்துவிட்டால் உயரத்தில் ஏற்றி வைப்பார்கள். ஏறியதும் ஏணியை எடுத்துவிடுவார்கள் — நானும் அதில் ஒரு ஆள்.

டேப் என் பீரோவில் இருக்கிறது. ஆவணி பிறக்கட்டும், கதவைச் சாத்திக்கொண்டு அதைப் போட்டுக் கேட்டுச் சிரித்துவிடுகிறேன். எனக்கா பயம்?